ஆகஸ்ட் 31-ஐ அடித்துவிட்டு ஆரம்பியுங்கள்: மலேசியாவின் பொருளாதார வரலாற்றை நாமே தோண்டிப் படிப்பது எப்படி

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் 31.8.1957 என்று எழுதி, அதன் மேலேயே ஒரு கோடு கிழித்துவிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நாட்டுப்பற்று எனக்கும் உண்டு. முதல் பிரதமர் துங்கு ஏழு முறை மெர்டேக்கா (விடுதலை) என்று முழங்கிய கதையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் அதற்கு அடுத்த வாரம் ஏதோ ஒரு தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போன ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் பெயரைக் கூப்பிட்ட துரை யார், அவர் பால்வெட்டிய மரம் யாருடைய சொத்து, மாதக் கடைசியில் அவர் கைக்கு வந்த நோட்டை அச்சடித்தது யார், அந்த ரப்பருக்கு விலை வைத்தது எந்த ஊர்? நான்குக்கும் ஆகஸ்ட் 30-ஆம் தேதி என்ன பதிலோ அதேதான் செப்டம்பர் 7-ஆம் தேதியும்.

அதனால் நான் படிக்கும் முறை இதுதான்: நாட்டுக்கு ஒரு விடுதலைத் தேதி என்று வைத்துக்கொள்ளாமல், நோட்டில் பணம், நிலம், சரக்கு, ஆள், சோறு என்று ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் அதனதன் விடுதலைத் தேதியைத் தேடுவது. ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. இதைப் பற்றி முடிவெடுத்தவர் எந்த ஊரில் உட்கார்ந்திருந்தார், அந்த நாற்காலி எந்த வருடம் இடம் மாறியது?

பென்சில் எடுப்பதற்கு முன்

பழைய புள்ளிவிவரங்களைத் தொடும் முன் மூன்று குழிகள் இருக்கின்றன, மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன். முதலாவது "மலாயா" என்ற பெயர். பழைய அட்டவணைகளில் அதற்குள் சிங்கப்பூர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சிங்கப்பூர் வழியாக இந்தோனேசிய ரப்பரும் போய்க்கொண்டிருந்ததால், ஏற்றுமதிக் கணக்கைப் பார்த்துவிட்டு நம் தோட்டங்கள் இவ்வளவு கொட்டினவா என்று மலைத்துப்போகாதீர்கள். அதில் சுமாத்ராவில் வெட்டிய பாலும் கலந்திருக்கும். இரண்டாவது, வெள்ளி (இங்கே டாலருக்கு அப்படித்தான் பெயர்) என்றால் எந்த வெள்ளி? நீரிணைக் குடியேற்ற வெள்ளியா, மலாயா வெள்ளியா, அமெரிக்க டாலரா என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். மூன்றாவது எடை. ஈயத்தின் (வெள்ளீயத்தைத்தான் சொல்கிறேன்) விலை பிக்கல் கணக்கில் இருக்கும். 100 கட்டி ஒரு பிக்கல், ஏறத்தாழ 60 கிலோ. சரி, இனி பக்கங்களுக்கு வரலாம்.

பணத்திலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் ரப்பரிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் பணத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் தேதிகள் இங்கேதான் பளிச்சென்று கிடைக்கும்.

1906-இல் ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிர்ணயித்தார்கள், அதாவது 60 வெள்ளிக்கு 7 பவுண்டு. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தை விட்டுவிட்டால், உலகப் போர் வந்தும் பெருமந்தம் வந்தும் மெர்டேக்கா வந்தும் 1967 வரை அந்த விகிதம் அசையவில்லை. நோட்டு வெளியிட்டது ஒரு நாணய ஆணையர் வாரியம். அதன் அடிப்படை விதி எளிமையானது: இங்கே ஒரு வெள்ளி புழக்கத்துக்கு வர வேண்டுமென்றால் அதற்கு ஈடான பவுண்டு லண்டனில் இருக்க வேண்டும். இப்படிக் கட்டிவைத்தால், உள்ளூரில் பள்ளிக்கூடம் கட்டவோ வாய்க்கால் வெட்டவோ அரசாங்கம் நினைத்தபடி பணத்தைப் பெருக்க முடியாது. ரப்பர் விற்றால் பணம் பெருகும், ரப்பர் படுத்தால் பணமும் படுக்கும். இன்னொரு பக்கம், கொரியப் போர் சமயத்தில் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது அமெரிக்காக்காரன் கொடுத்த டாலர் எல்லாம் லண்டனின் பொதுப் பானைக்குள் போய், மலாயாவின் பெயரில் பவுண்டு என்று எழுதிவைக்கப்பட்டது. போருக்குப் பிந்திய பிரிட்டனுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்த காலனிகளில் முதலிடம் நம்முடையது. இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அவசரகாலம் பற்றிப் படிக்கும்போது தேவைப்படும். 1948-இலிருந்து 1960 வரை பிரிட்டன் ஏன் அத்தனை பட்டாளத்தைக் காட்டுக்குள் இறக்கியது என்பதற்குக் கம்யூனிசம் என்பது பாதிப் பதில்தான்.

மத்திய வங்கியான பேங்க் நெகாரா 1959 ஜனவரியில் திறந்தது. முதல் கவர்னர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வில்காக். இதைத் தேதியாகக் குறித்துவிடாதீர்கள், பலர் செய்யும் தப்பு இது. மத்திய வங்கி வந்த பிறகும் எட்டு வருடம் நோட்டு பழைய வாரியத்தின் பெயரில்தான் வந்தது. இஸ்மாயில் முகமது அலி 1962-இல் கவர்னரானார், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் மலாயாக்காரர். இந்தப் பெயரை நோட்டில் பெரிய எழுத்தில் போட்டுவையுங்கள், நிலத்தின் பக்கத்தில் மறுபடியும் வருவார்.

1967 ஜூன் 12 அன்று புதிய மலேசிய வெள்ளி வந்தது. பழைய நோட்டும் புதிய நோட்டும் ஒன்றுக்கு ஒன்று, அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், இரண்டும் செல்லும் என்றார்கள். ஜனங்களும் அவசரப்படவில்லை. நவம்பர் 18-ஆம் தேதி பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 14 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேலே குறைத்தது. புதிய வெள்ளி தன் மதிப்பிலேயே நின்றது, ஆனால் பழைய நோட்டுக்குப் பின்னால் இருந்தது பவுண்டு அல்லவா, அதனால் ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய ஒரு வெள்ளி 85 காசு ஆகிவிட்டது. வங்கிக் கணக்கு உள்ளவனுக்குப் பெரிய அடி இல்லை. பிஸ்கட் டின்னிலும் தலையணைக்கு அடியிலும் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு நூற்றுக்குப் பதினைந்து போயிற்று. பினாங்கில் நவம்பர் 24 அன்று ஹர்த்தால் நடந்து, அது கலவரமாகி, உயிர்களும் போயின. கொடி ஏறிப் பத்து வருடம் கழித்து, லண்டனில் எடுத்த ஒரு முடிவு பட்டர்வொர்த்துக்காரரின் டின்னுக்குள் கைவிட்டு எடுத்தது. பணத்தின் பக்கத்தில் நான் எழுதியிருக்கும் தேதி 1967. பவுண்டோடு இருந்த முடிச்சு முழுசாக அவிழ 1972 ஆனது, 1973-இல் வெள்ளியை மிதக்க விட்டார்கள் என்பதால் நீங்கள் 1973 என்று எழுதினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

இந்தப் பக்கத்துக்கு ஒரு பயிற்சி: சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தருகிறது, தமிழ் முரசும் அதில் இருக்கிறது. 1967 நவம்பர் 19-இலிருந்து ஒரு வாரத்தை நாள் நாளாகப் படியுங்கள். தலைப்புச் செய்தியை மட்டும் படித்துவிட்டு வந்துவிடாதீர்கள், கடைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று உள்பக்கத்தில் இருக்கும்.

நிலத்தின் பக்கம்

இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டிய சொல் ஏஜென்சி ஹவுஸ். தோட்டக் கம்பெனி லண்டனில் பதிவாகியிருக்கும். பங்குதாரர்கள் மலாயாவை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். துரையை நியமிப்பது, உரம் வாங்குவது, கப்பலில் இடம் பிடிப்பது, காப்புறுதி எடுப்பது, ரப்பரை விற்பது எல்லாவற்றையும் ஏஜென்சி ஹவுஸ் செய்யும், ஒவ்வொன்றிலும் கமிஷன் எடுக்கும். கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட், சைம் டார்பி, பௌஸ்டெட் என்று நம் தாத்தாக்கள் வாயில் நுழைந்தபடி சொன்ன பெயர்கள் இவைதான். அலெக்சாண்டர் கத்ரி சிங்கப்பூரில் கடை போட்டது 1821-இல், ராஃபிள்ஸ் வந்து இரண்டே வருடம். அப்போது இந்த மண்ணில் ரப்பர் மரமே கிடையாது.

மெர்டேக்கா இந்த ஏற்பாட்டைத் தொடவில்லை, வேண்டுமென்றே தொடவில்லை. பக்கத்து வீட்டு இந்தோனேசியா 1957 டிசம்பரில் டச்சுக் கம்பெனிகளைக் கைப்பற்றியது, இலங்கை 1975-இல் தோட்டக் கம்பெனிகளை அரசுடைமை ஆக்கியது; கோலாலம்பூர் அந்த வழிக்கே போகவில்லை. விளைவை 1970-ஆம் வருடக் கணக்கில் பார்க்கலாம். தீபகற்ப மலேசியக் கம்பெனிப் பங்குகளில் பூமிபுத்ராக்களிடம் (மலாய்க்காரர்களும் பூர்வகுடிகளும்) 2.4 சதவீதம், சீனர்களிடம் கால் பங்குக்குச் சற்று மேல், இந்தியர்களிடம் ஒரு சதவீதம் என்று எல்லோரும் மேற்கோள் காட்டிச் சண்டை போடும் அட்டவணை இருக்கிறதே, அதே அட்டவணையில் வெளிநாட்டுக்காரர்களின் பங்கு 60 சதவீதத்துக்கும் மேல் என்று இன்னொரு வரி உண்டு. நாம் மூன்று பேரும் ஒருவர் தட்டை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டி வேறு வீட்டில் இருந்தது. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு வந்த புதிய பொருளாதாரக் கொள்கை 1990-க்குள் பூமிபுத்ரா 30, மற்ற மலேசியர் 40, வெளிநாட்டார் 30 என்று இலக்கு வைத்தது. இதைப் படிக்கும்போது முதல் எண்ணை மட்டும் பார்க்காமல் மூன்றாவது எண்ணையும் பாருங்கள்.

எப்படி மாற்றினார்கள் என்பதுதான் சுவையான பகுதி. பறிமுதல் இல்லை, சந்தையில் போய்க் காசு கொடுத்து வாங்கினார்கள். 1976-இல் ஈயச் சுரங்கக் கம்பெனியான லண்டன் டின் கார்ப்பரேஷன் கை மாறியது, அதே சமயத்தில் சைம் டார்பியின் இயக்குநர் குழுவும் மலேசியர் கைக்கு வந்தது. அப்புறம் 1981 செப்டம்பர் 7. லண்டன் பங்குச் சந்தை காலையில் திறந்தவுடன் அரசாங்க முதலீட்டு நிறுவனமான பெர்மொடாலான் நேஷனல் பெர்ஹாட் சார்பில் தரகர்கள் கத்ரி பங்குகளைப் பெரிய நிறுவனங்களிடமிருந்து வளைத்து வளைத்து வாங்கினார்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன் கம்பெனி மலேசியாவுடையது. சுமார் 2 லட்சம் ஏக்கர். அப்போது பெர்மொடாலானின் தலைவர் யார் தெரியுமா, பணத்தின் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டோமே, அதே இஸ்மாயில் அலி. லண்டன்காரர்கள் இது என்ன அநியாயம், கொல்லைப்புற வழியாக நாட்டுடைமை ஆக்குகிறார்கள் என்று கத்தி, கம்பெனி வாங்கும் விதிகளையே மாற்றினார்கள். பிரதமர் மகாதீர் பதிலுக்குப் பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்குங்கள் என்று உத்தரவு போட்டார். நிலத்தின் பக்கத்தில் 1981 என்று எழுதுங்கள்.

எழுதிவிட்டு, கீழே ஒரு கேள்வியையும் எழுதுங்கள்: மற்றவர்கள் உழைப்பில் காடு வெட்டிக் கழனியாக்கிய நிலத்தைச் சந்தை விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது கெட்டிக்காரத்தனமா, ஏமாளித்தனமா? அந்நிய முதலீட்டாளர் பயந்து ஓடவில்லை, தோட்ட நிர்வாகம் குலையவில்லை என்ற வகையில் அது கெட்டிக்காரத்தனம் என்பது என் கணக்கு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த 2 லட்சம் ஏக்கரில் குடியிருந்த பால்வெட்டுக்காரருக்குச் செப்டம்பர் 8-ஆம் தேதி பெரட்டில் என்ன மாறியது என்று கேட்டால் எனக்கும் பதில் இல்லை. அதற்குத்தான் தனிப் பக்கம்.

சரக்கு

இதை வேகமாக முடிக்கலாம். 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் வந்த ரிட்லி என்ற தாவரவியல் தோட்ட அதிகாரி மரத்தைக் கொல்லாமல் பால்வெட்டும் முறையைக் கண்டுபிடித்துவிட்டு, நடுங்கள் நடுங்கள் என்று கிறுக்கன் மாதிரி ஊர் ஊராகக் கெஞ்சினார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் தோட்டமாகப் போட்டார். அவர் ஒரு சீனர், துரை இல்லை, இதைப் பாடப் புத்தகத்தில் ஓடிப்போய்த் தாண்டிவிடுவார்கள். காப்பி விலை விழுந்ததும் துரைமார்களும் ரப்பருக்கு ஓடிவந்தார்கள்.

ஒரு வரைபடப் பயிற்சி செய்யுங்கள். தீபகற்பப் படத்தில் ரயில் பாதைகளை மட்டும் வரையுங்கள். முதல் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, அடுத்தது கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம். ஈயம் இருக்கும் இடத்திலிருந்து கப்பல் நிற்கும் இடத்துக்கு, அவ்வளவுதான். வடக்கையும் தெற்கையும் இணைத்தது அப்புறம். ஈயமும் கிடையாது தோட்டமும் கிடையாது என்ற ஊருக்கு எப்போது ரயில் வந்தது என்று பார்த்தாலே பாதி வரலாறு தெரிந்துவிடும். ரயில்வேயில் குமாஸ்தாவாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்த கதையும் இதில்தான் சேரும்.

சரக்கின் விடுதலைத் தேதி என்று எதைச் சொல்வது? நான் ஒரு வருடத்தை எழுதவில்லை, ஒரு பட்டியலை எழுதினேன். 1956-இல் அரசாங்க நிலக் குடியேற்ற நிறுவனமான ஃபெல்டா, 1960-களில் ரப்பரை வெட்டிச் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறியது, 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலைகள், 1974-இல் தேசிய எண்ணெய்க் கம்பெனி பெட்ரோனாஸ், 1985 அக்டோபரில் ஈய விலை இடிந்து விழுந்தது. ஒரு கிளைக்கதை, சொல்லாமல் இருக்க முடியவில்லை: செம்பனைப் பூவுக்கு இங்கே கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு குட்டி வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அது அந்த வேலையைச் சம்பளம் கேட்காமல் செய்துவிட்டது. கத்ரி வாங்கிய அதே வருடம்!

ஆள்

என் நோட்டில் அதிகம் கசங்கியிருக்கும் பக்கம் இதுதான். கங்காணி போய் ஊரில் ஆள் பிடித்து வந்தது, 1907-இல் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்துத் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்திக் கப்பல் கூலி கொடுத்தது, 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையை ஒழித்தது, ரப்பர் விலை விழுந்த 1930-களின் தொடக்கத்தில் பல்லாயிரம் பேரைத் திருப்பி ஏற்றி அனுப்பியது, 1938-இல் இந்திய அரசாங்கம் உதவியோடு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது வரை ஒரே வரிசையாக எழுதினால், ரப்பர் விலையும் கப்பலும் சேர்ந்தே ஏறி இறங்குவது தெரியும். ஆள் என்பது வால்வு மாதிரி. திறந்தார்கள், மூடினார்கள்.

இப்போது மெர்டேக்காவுக்கு அந்தப் பக்கம் போங்கள். அன்றைய சட்டப்படி மெர்டேக்காவுக்குப் பிறகு இங்கே பிறந்தவருக்குக் குடியுரிமை உண்டு, அதற்கு முன் பிறந்தவர் பலர் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது, வருடக் கணக்கு காட்ட வேண்டியிருந்தது, மொழி தெரிய வேண்டியிருந்தது. தோட்டத்தை விட்டு வெளியே போகாத மனிதருக்கு அந்தக் காகிதம் எதற்கென்றே தெரியவில்லை. அதே சமயத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, நாடு என்ன ஆகுமோ என்று பயந்து தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகக் கூறு போட்டார்கள், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் காலியாயின. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கியது இதற்குப் பதிலாகத்தான். அரசாங்கம் கத்ரியை வாங்கியதற்கு இருபது வருடம் முன்பே, பால்வெட்டுக்காரர்கள் சில்லறை சேர்த்து ஒரு தோட்டத்தை வாங்கிவிட்டார்கள் என்பதை நிலத்தின் பக்கத்திலும் ஒரு ஓரத்தில் எழுதிவிடுங்கள், அங்கே யாரும் எழுதுவதில்லை.

1968-இல் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள், அதாவது குடியுரிமை இல்லாதவர்கள், பல்லாயிரம் பேர் ரஜூலா கப்பலில் மூட்டை கட்டி நாகப்பட்டினத்துக்கும் மதராஸுக்கும் போனார்கள். பலருக்கு அது திரும்பிப் போவதே இல்லை, பிறந்ததிலிருந்து பார்க்காத ஊருக்கு முதல் பயணம். ஆளின் பக்கத்தில் தேதி இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

சோறு

மலாயா ரப்பரை விற்று அரிசி வாங்கிய நாடு. போருக்கு முன் தின்ற அரிசியில் பாதிக்கு மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. 1917-இலேயே நெல் வயலில் ரப்பர் நடக்கூடாது என்று சட்டம் போட்டுப் பார்த்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில் கப்பல் நின்றபோது ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றது. கெடாவில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970-இல் வந்து இரண்டு போகம் விளைந்த பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது. இன்றைக்கும் அரிசி வெளியிலிருந்து வருகிறது, ஆகவே இந்தப் பக்கமும் முடியவில்லை.

வீட்டில் தேட வேண்டியவை

புத்தகமும் இணையமும் போதாது. முதலில் வீட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். எலிசபெத் ராணி படம் போட்ட பழைய நோட்டு இருந்தால் அதில் யார் பெயரில் வெளியிட்டார்கள் என்று படியுங்கள். பாட்டியின் அடையாள அட்டை என்ன நிறம், எந்த வருடம் நீலமானது? கூட்டுறவுச் சங்கப் பங்குச் சீட்டு இருக்கிறதா? தோட்டச் சம்பளச் சீட்டு கிடைத்தால் பெரிய புதையல், ஏனென்றால் பல வருடங்கள் கூலி ரப்பர் விலையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. அந்த மாதத்து விலையை நாளிதழில் பார்த்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் எப்படிக் கை கோத்து நடந்தன என்று தெரியும். பெரியவர்களிடம் "மெர்டேக்கா அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். தோட்டம் கை மாறிய அன்று துரை மாறினாரா, கிராணி (குமாஸ்தா) மாறினாரா, கடையில் கடன் கணக்கு என்ன ஆனது என்று கேளுங்கள்.

என் அம்மாயியிடம் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்டேன். "கம்பெனி பேர் மாறிச்சு, கடைக்காரன் பேரேடு மாறல" என்றார், அதை அப்படியே ஆளின் பக்கத்தில், தேதிக்கு விட்ட காலி இடத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.